எல்லம்மாவின் இடது கன்னம்

சாம்பார் வாசனை வந்தால் உங்கள் கன்னம் எத்தனை மில்லிமீட்டர் உப்பும்? தெரியாதா? அப்படியென்றால் உங்களை இன்னும் யாரும் கேமரா வைத்து அளக்கவில்லை. நிம்மதியாகச் சாப்பிடுங்கள். ஜீவனஹள்ளி எல்லம்மாவுக்கு அந்தக் கணக்கு தெரியும். பதினொரு மில்லிமீட்டர். இடது பக்கம் மட்டும்.

தொம்மலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் கேன்டீனில் ஒன்பது வருஷமாகக் கரண்டி பிடிப்பவள் எல்லம்மா. அந்தக் கேன்டீன் கூரையில் போன வருஷம் ஒரு கேமராவை மாட்டினார்கள். ‘போஜன் மித்ரா’ என்று அதற்குப் பெயர். யார் எதை ரசித்துச் சாப்பிடுகிறார்கள் என்று கண்டுபிடிக்கத்தான் வாங்கினார்கள். சாப்பிடுகிறவர்கள், எங்கள் வாயைப் படம் பிடிக்காதே என்று சண்டை போட்டார்கள். வாங்கிய பொருளை வீணாக்கக் கூடாது என்று கேமராவை, பரிமாறுகிறவர்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். பரிமாறுகிறவர்கள் சண்டை போடவில்லை. அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை ஷ்ரேயாஸ் எல்லம்மாவைக் கூப்பிட்டான். கேன்டீனின் ஒழுங்கு விதிகளுக்கு அவன்தான் மேனேஜர். முப்பது வயதுக்குள் இருப்பான். கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தான்.

“எல்லம்மாக்கா, டென்ஷன் ஆகாதீங்க. இது என்கொயரி கிடையாது. ஒரு கான்வர்சேஷன், அவ்வளவுதான்.”

“சொல்லு சார்.”

“நாலு மாசத்துல உங்க பேர்ல இருநூத்திப் பன்னெண்டு மெல்லுதல் நிகழ்வு பதிவாகியிருக்கு.”

“இன்னா சார் அது மெல்லுதல்?”

ஷ்ரேயாஸ் லேப்டாப்பைத் திருப்பினான். திரையில் எல்லம்மா நின்றாள், கையில் கரண்டி. அவள் இடது கன்னத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம்.

“சாம்பார் டிரம் மூடி திறந்த மூணாவது நிமிஷம் உங்க வாய்க்குள்ள ஏதோ போகுது. கன்னம் உப்புது. இருபது செகண்டுக்கு மேல அப்படியே உப்பிக்கிட்டு இருக்கு. வடைன்னு சிஸ்டம் நினைக்குது.”

“வடையா!”

“எண்பத்தேழு பர்சென்ட் வடை. பதிமூணு பர்சென்ட் போண்டா.”

எல்லம்மா எழுந்தே விட்டாள். “ஐயோ சார், அது வீக்கம் சார்! அஞ்சாறு மாசமா சாப்பாட்டு வாசனை வந்தாலே இங்க காதுக்குக் கீழ உப்பிக்கிது. வலி உயிர் போவுது. ஒரு மணி நேரத்துல அதுவே வடிஞ்சிடுது. மூணு மணிக்கு எல்லாரும் சாப்ட்ட அப்பால தான் நான் வாயில சோறு வெப்பேன். வேணும்னா வீணாவ கேளு.”

“நான் நம்புறேன் அக்கா. பர்சனலா நூறு பர்சென்ட் நம்புறேன். ஆனா நான் இங்க பர்சனலா வேலை செய்யலையே.”

இரண்டே வழி என்றான். கம்பெனி சொல்லும் ஆஸ்பத்திரியில் ‘இது நோய்’ என்று சர்டிஃபிகேட் வாங்கி வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ‘தின்றேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலையை விட்டுப் போகலாம். அதுவரை கவுன்ட்டர் பக்கம் வரக் கூடாது.

வெளியே வந்தபோது, கூடப் பரிமாறும் வீணா கை கழுவிக்கொண்டிருந்தாள். “இருநூத்திப் பன்னெண்டு வடையாமே? எனக்கு ஒண்ணாவது குடுத்திருக்கலாம்ல அக்கா?”

விளையாட்டாகத்தான் கேட்டாள். இருந்தாலும் அன்றைக்கு பஸ்ஸில் இடம் காலியாக இருந்தும் எல்லம்மாவுக்கு உட்காரத் தோன்றவில்லை. வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். ‘தின்றவள்’ என்று ஒரு காகிதம் இருந்தால் எந்தக் கேன்டீனில் கரண்டியைக் கையில் கொடுப்பார்கள்? ஜீவனஹள்ளி வரைக்கும் நின்றுகொண்டே போனாள்.

கம்பெனி சொன்ன ஆஸ்பத்திரியின் பெயர் அமிர்தவாகினி வாய் முக மருத்துவ மையம். ஆறு மாடி. ஆறு மாடியும் வாய்க்கு மட்டும். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கே எல்லம்மா போய் நின்றாள். வாசலில் பெரிய போர்டு: ‘வெறும் வயிற்றில் வரவும். வெளி உணவுக்கு அனுமதி இல்லை. உள் உணவும் இல்லை.’

வரவேற்பு மேசையில் வைஷ்ணவி என்ற பெண் இருந்தாள். ஒரு காதில் போன், ஒரு கண் கம்ப்யூட்டரில், மிச்சம் இருந்தது எல்லம்மாவுக்கு.

“ஏனு ப்ராப்ளம் ஆன்ட்டி?”

“சாப்பாட்டு வாசனை வந்தா கன்னம் வீங்குதும்மா.”

“இப்ப வீங்கியிருக்கா?”

“இப்ப எப்டி வீங்கும்? வெறும் வயித்துல வரச் சொல்லி போர்டு வெச்சிருக்கீங்கோ. காலைலருந்து ஒரு டீ கூட குடிக்கல.”

“வெரி குட்,” என்றாள் வைஷ்ணவி. விதியை ஒழுங்காகப் பின்பற்றியதற்காக ஒரு பச்சை ஸ்டிக்கரை எல்லம்மாவின் கையில் ஒட்டிவிட்டாள்.

இரண்டரை மணி நேரம் கழித்து ஒரு டாக்டர் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார். கன்னத்தை அமுக்கினார். வீக்கம் இல்லை. வீக்கம் இருந்தால்தான் ஸ்கேன் எழுத முடியும், ஸ்கேன் இருந்தால்தான் நோய் எழுத முடியும் என்றார். வந்தவளை வெறும் கையோடு அனுப்ப மனம் இல்லாமல் வாய்க்குள் இன்னும் கொஞ்சம் தேடினார்.

“ஆஹா,” என்றார். “நாக்கைப் பாருங்க. மேப் மாதிரி இருக்கு.”

எல்லம்மா பயந்துபோய் நாக்கை உள்ளே இழுத்தாள். “இன்னா டாக்டர், கான்சரா?”

“சேச்சே. மேப் நாக்கு. பாதிப் பேருக்குத் தெரியாமலே இருக்கும். ஒண்ணும் பண்ணாது. மூணாவது மாடி, மேப் நாக்குப் பிரிவுக்குப் போங்க.”

மூன்றாவது மாடியில் நாக்கைப் போட்டோ எடுத்தார்கள். எடுக்கும்போது மேலண்ணத்தில் ஒரு எலும்பு மேடு கண்ணில் பட்டது. அதுவும் ஒன்றும் பண்ணாது. பிறவியிலேயே சிலருக்கு இருக்கும். நான்காவது மாடியில் அண்ண மேட்டுப் பிரிவு இருந்தது. அங்கே போனதும் உதட்டின் உள்பக்கம் ரவை தூவினாற்போல மஞ்சள் புள்ளிகள் இருப்பதைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டார்கள். எண்ணெய்ச் சுரப்பிதான், ஒன்றும் பண்ணாது, ஐந்தாவது மாடி. ஐந்தாவது மாடியில் கன்னத்தின் உள்ளே பல் பட்டுப் பட்டு விழுந்த வெள்ளைக் கோடு அகப்பட்டது. அது எல்லோருக்கும் இருப்பது. பார்த்த டாக்டருக்கும் இருந்தது. அவரே வாயைத் திறந்து காட்டினார்.

சாயங்காலம் எல்லம்மா கையில் நான்கு ஃபைல். ஒவ்வொன்றின் மேலும் ‘பயப்பட வேண்டாம்’ என்று சிவப்பு மையில் முத்திரை.

“இதுல எது நோயும்மா?” என்று வைஷ்ணவியைக் கேட்டாள்.

“எதுவும் இல்ல ஆன்ட்டி. நாலும் நார்மல்.”

“அப்ப எதுக்கு நாலு ஃபைலு?”

“நார்மலாவே இருக்கான்னு ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பார்க்கணும்ல?”

“வீக்கத்துக்கு ஃபைலு?”

“வீக்கம் இருந்தாத்தானே ஃபைல் ஓப்பன் ஆகும். வீங்கும்போது வாங்க ஆன்ட்டி.”

புதன்கிழமை எல்லம்மா ஒரு எலுமிச்சம்பழத்தை வாங்கி, பாதியாக அறுத்து, பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனாள். டாக்டர் எதிரிலேயே நக்கினால் ஐந்து நிமிஷத்தில் வீங்கும். காட்டிவிடலாம்.

வாசலில் செக்யூரிட்டி சில்வெஸ்டர் நின்றிருந்தார். முன்னால் பட்டாளத்தில் இருந்தவராம். பையைத் தடவினார், டப்பாவைத் திறந்தார், ஒரு அடி பின்னால் போனார்.

“இன்னாம்மா இது?”

“எலுமிச்சம்பழம்ணா. என் கன்னத்துக்கு.”

“கன்னத்துக்கா, எவன் கண்ணுக்கு? போன மாசம் ஒருத்தி ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல வெச்சி நசுக்கிட்டா. டாக்டர் மூணு நாளு லீவு போட்டாரு. எலுமிச்சை இங்க ஸ்ட்ரிக்ட்டா பேன்.” மேசைக்கு அடியில் ஒரு கூடையைக் காட்டினார். நிறைய இருந்தன. பக்கத்தில் ஒரு ரிஜிஸ்டர். பெயர், பழத்தின் எண்ணிக்கை, கொண்டுவந்த நோக்கம் என்று கட்டம் போட்டிருந்தது.

“நோக்கம் இன்னான்னு எழுதட்டும்?”

“வீக்கம்னு எழுதுணா.”

“யாருக்கு வீக்கம் வரணும்?”

“எனக்குத்தான்!”

சில்வெஸ்டர் பேனாவை நிறுத்தினார். தனக்குத்தானே செய்வினை வைத்துக்கொள்ள வந்தவளை அவர் சர்வீஸில் பார்த்ததில்லை. பாவமாகப் போய்விட்டது. “வாசலுக்கு வெளிய என் ரூல் கிடையாது. அங்க நின்னு நக்கிட்டு ஓடியா. நான் செக் பண்ணாம வுடறேன்.”

எல்லம்மா ஃபுட்பாத்தில் நின்று எலுமிச்சையை நக்கினாள். போகிற ஆட்டோக்காரன் ஒருவன் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனான். காதுக்குக் கீழே சுருக்கென்றது. கன்னம் கல் மாதிரி இறுகி எழும்பியது. வலியில் கண் கலங்க, கன்னத்தைக் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். சில்வெஸ்டர் கயிற்றைத் தூக்கி வழிவிட்டார். லிஃப்ட்டில் ‘டாக்டர்களுக்கு மட்டும்’ என்று இருந்தது. படியேறி மூச்சு வாங்க இரண்டாவது மாடிக்கு வந்து, “பாருங்கோ, வீங்கியிருக்கு, பாருங்கோ!” என்றாள்.

“டோக்கன்,” என்றாள் அங்கே இருந்த நர்ஸ்.

டோக்கன் நாற்பத்தேழு. அப்போது பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தது. எல்லம்மா உட்காராமல் கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தாள். பதினெட்டு வரும்போது வலி குறைந்தது. குறையக் கூடாதே என்று மாங்காய் ஊறுகாயை நினைத்தாள். புளியை நினைத்தாள். இருபத்தொன்பதில் பாதி வடிந்தது. கீழே இறங்கி வெளியே ஓடி, மிச்சப் பாதியை நக்கிவிட்டு மறுபடி ஏறினாள். அதற்குள் டாக்டர் சாப்பிடப் போய்விட்டார். அவர் சாப்பிட்டுவிட்டு வந்து நாற்பத்தேழைக் கூப்பிட்டபோது கன்னம் சப்பென்று இருந்தது.

“நேத்து மாதிரியேதான் இருக்கு,” என்றார் டாக்டர். “வெரி குட்.”

படிக்கட்டில் எல்லம்மா அழுதுகொண்டிருந்தபோது ரூபினி வந்தாள். படிப்பு முடித்துப் பயிற்சிக்கு வந்திருந்த சின்ன டாக்டர். கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை தலைகீழாகத் தொங்கியது. விஷயத்தைக் கேட்டாள். கையுறையை மாட்டிக்கொண்டு, அங்கேயே படிக்கட்டில், கன்னத்துக்குள் விரல் விட்டுத் தடவினாள்.

“இருக்குக்கா. கையில தட்டுது. எச்சிக் கல்லு.”

“எச்சில்ல கல்லா?”

“எச்சில்ல சுண்ணாம்புச் சத்து இருக்குல்ல? தண்ணி கம்மியாக் குடிச்சா கெட்டியாகி, வர்ற குழாய்லயே கல்லாயிடும். நெறய பேருக்கு நாக்குக்கு அடியில வரும். உங்களுக்குக் கன்னத்துல. சாப்பாடுன்னா எச்சி ஊறும், வழி அடைச்சிருக்கும், பின்னாடி தேங்கி வீங்கும். ஆபத்து இல்ல. காய்ச்சல் வந்தாலோ, சீழ் வந்தாலோ, வீக்கம் வடியாம இருந்தாலோதான் ஒடனே ஓடியாரணும். தண்ணி நெறயக் குடிங்க. சுடுதண்ணித் துணி வெச்சு, காதுப் பக்கத்துலருந்து வாய் பக்கமா நீவி விடுங்க. சின்னதா இருந்தா தானா வந்துடும்.”

மூன்று நாளில் முதல் தடவையாக யாரோ பேசியது எல்லம்மாவுக்குப் புரிந்தது. “இத ஒரு காயிதத்துல எழுதிக் குடு தாயி.”

ரூபினி மேலும் கீழும் பார்த்தாள். “நான் எழுதினா செல்லாதுக்கா. படிக்கட்டுல பார்த்தது தெரிஞ்சா எனக்கே மெமோ வரும். நாளைக்கு சீஃப் வர்றாரு, வைத்தீஸ்வரன் சார். அவரு பார்த்துட்டா போதும்.”

வியாழக்கிழமை புறநோயாளிப் பிரிவே பூட்டியிருந்தது. வாய் விழிப்புணர்வு வாரமாம். எல்லா டாக்டர்களும் கீழே ஹாலில் இருந்தார்கள். நாற்காலி காலியாகத் தெரியக் கூடாது என்று நோயாளிகளையும் உள்ளே விட்டார்கள். எல்லம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். மணி இரண்டரை. கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு முறை அவள் முட்டியைப் பார்த்தார்.

தலைமை மருத்துவர் வைத்தீஸ்வரன் மேடைக்கு வந்தார். சால்வை போட்டார்கள், கழற்றினார், இன்னொன்று போட்டார்கள்.

“எல்லரிகூ நமஸ்கார. அனைவருக்கும் வணக்கம். மனுஷாளுக்கு ஆண்டவன் ஒரே ஒரு வாயைத்தான் கொடுத்தான். நாங்க அதுக்குப் பதினோரு டிபார்ட்மென்ட் கொடுத்திருக்கோம்.” கைதட்டல். “போன வருஷம் நாப்பதாயிரம் பேர் இங்க வந்தா. அதுல முப்பத்தெட்டாயிரம் பேருக்கு ஒரு வியாதியும் இல்லைன்னு கண்டுபிடிச்சோம். இது சாதாரண விஷயம் இல்லை. வியாதியை யார் வேணும்னாலும் கண்டுபிடிக்கலாம். வியாதி இல்லாதவாளைத் திரும்பத் திரும்ப வரவழைச்சு, இன்னும் இல்லைன்னு கண்டுபிடிக்க ஒரு இன்ஸ்டிட்யூஷன் வேணும்!”

பெரிய கைதட்டல். எல்லம்மா தன் நான்கு ஃபைலையும் மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“நோயாளி பேசறதைக் கேளுங்கோன்னு என் ஸ்டூடன்ட்ஸுக்கு நான் தினம் சொல்வேன். ஒரு தடவைகூட இடைவெளி விடாம சொல்வேன். இருபத்தாறு வருஷமா சொல்றேன். நடுவுல யாரையும் பேச விட்டதில்லை.” அவர் பட்டனை அழுத்தினார். திரை முழுக்க உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட மாங்காய்க் கீற்று வந்தது. “இப்போ பாருங்கோ. உங்க வாயில எச்சில் ஊறறதா இல்லையா?”

ஹால் முழுவதும் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது. எல்லம்மாவுக்குக் காதடியில் சுருக்கென்றது. இடது கன்னம் எழும்பியது. அவளும் எழும்பினாள்.

“டாக்டர்! பாருங்கோ, வீங்கியிருக்கு! இப்ப பாருங்கோ!”

ஹால் திரும்பியது. வைத்தீஸ்வரன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளைக் கனிவாகப் பார்த்தார்.

“உங்க ஆர்வத்தைப் பாராட்டறேன்மா. கேள்வி நேரம் கடைசியில.”

“கேள்வி இல்ல சார், வீக்கம்!”

“வீக்கமும் கடைசியில.”

யாரோ தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள். அடுத்த ஸ்லைடு எலுமிச்சை ஊறுகாய். அதற்கடுத்தது புளிக்குழம்பு. வலி மண்டைக்கு ஏறியது. எல்லம்மா ரூபினி சொன்னபடி காதடியிலிருந்து வாய்ப் பக்கமாகக் கன்னத்தை நீவினாள். நீவினாள், நீவினாள், பல்லைக் கடித்துக்கொண்டு நீவினாள். வாய்க்குள் படக்கென்று ஏதோ விட்டது. உப்பாக ஒரு வாய் நீர் பாய்ந்தது. ஆறு மாத வலி ஒரு நொடியில் இறங்கியது. உள்ளங்கையில் துப்பினாள். புழுங்கலரிசி அளவில், மஞ்சளாக ஒரு கல்.

கேள்வி நேரத்தில் அதை மேடைக்குக் கொண்டுபோய் நீட்டினாள். வைத்தீஸ்வரன் முகம் மலர்ந்துவிட்டது.

“பியூட்டிஃபுல்! பாருங்கோ எல்லாரும். எச்சில் கல். இந்த ஆஸ்பத்திரியோட ட்ரீட்மென்ட்ல கத்தி படாம வெளியே வந்திருக்கு!” போட்டோ எடுத்தார்கள். கல்லைச் சின்ன பாட்டிலில் போட்டு, நம்பர் எழுதி, ஆஸ்பத்திரி மியூசியத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

“சார், ஒரு சர்டிஃபிகேட்டு. எனக்குக் கல்லு இருந்திச்சின்னு.”

“இருந்ததும்மா. இப்போ இல்லையே. கல் இல்லாதவாளுக்குக் கல் இருக்குன்னு நான் எழுதினா அது பொய் சர்டிஃபிகேட் ஆயிடாதா?”

“அந்தக் கல்லயாவது திருப்பிக் குடுங்க சார். நான் போய் காட்டிக்கிறேன்.”

“அது இப்போ ஆஸ்பத்திரி சொத்தும்மா. ஆனா கவலைப்படாதீங்கோ, உங்களுக்குக் கண்டிப்பா சர்டிஃபிகேட் உண்டு.” அவரே கன்னத்தைத் தடவிப் பார்த்தார், அவரே எழுதினார், அவரே முத்திரை குத்தினார்: ‘வாய் முற்றிலும் ஆரோக்கியமாக உள்ளது. வீக்கம் எதுவும் இல்லை.’

மூன்றே முக்காலுக்கு எல்லம்மா பஸ்ஸைப் பிடித்தாள். தொம்மலூர் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ் நின்றுவிட்டது. இறங்கி ஓடினாள். ஐந்துக்கு நான்கு நிமிஷம் இருக்கும்போது ஷ்ரேயாஸ் எதிரில் மூச்சு வாங்க நின்றாள். கன்னம் லேசாக இருந்தது. கையில் இருந்த காகிதம் கனத்தது.

ஷ்ரேயாஸ் சர்டிஃபிகேட்டைப் படித்தான். “ஆரோக்கியம்னு இருக்கு. அப்ப நோய் இல்ல.”

“கல்லு வந்துட்டிச்சி சார்! அத பாட்டில்ல போட்டு அவங்களே வெச்சிக்கினாங்கோ. போன் போட்டுக் கேளு சார்.”

“அக்கா, ஒரு நிமிஷம். நீங்க இன்னும் இதைப் பார்க்கல.” லேப்டாப்பைத் திருப்பினான். ஒரு கோடு நான்கு மாதமாக மேலேயே ஓடி, செவ்வாய்க்கிழமை சரேலென்று தரைக்கு விழுந்திருந்தது. “செவ்வாய் பூஜ்யம். புதன் பூஜ்யம். இன்னிக்கும் பூஜ்யம். ஒரே ஒரு கான்வர்சேஷன்ல!”

“நான் மூணு நாளா வேலைக்கே வரல சார். நீதான வர வாணாம்னு சொன்ன?”

“அதை சிஸ்டம் பார்க்காது. நீங்க மெல்லலங்கறதை மட்டும்தான் பார்க்கும்.” அவன் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. “நான் மேல பேசிட்டேன். நம்ம கம்பெனிக்குத் தண்டனையில நம்பிக்கை இல்ல அக்கா, மாற்றத்துல தான் நம்பிக்கை. ‘தின்றேன்’ ஃபார்ம் வேண்டாம். ‘திருந்தினேன்’ ஃபார்ம் போதும். நாளைலருந்து அதே கவுன்ட்டர்.”

கேன்டீன் ஆட்களை எல்லாம் கூப்பிட்டு நிற்கவைத்தான். எல்லம்மாவைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பேசினான். “இவங்களைத் திட்டினோமா? இல்ல. மிரட்டினோமா? இல்ல. பார்த்தோம். நாலு மாசம் வெறுமனே பார்த்துக்கிட்டே இருந்தோம். ஒரு மனுஷியை மாத்தறதுக்கு அதுவே போதும். அக்கா, நீங்க ஒரு ரெண்டு வார்த்தை.”

“நான் தின்னல,” என்றாள் எல்லம்மா.

“கரெக்ட்!” என்றான் ஷ்ரேயாஸ். “இந்த வாரம் ஒண்ணுகூடத் தின்னல!” முதலில் அவன் தட்டினான், பிறகு எல்லோரும் தட்டினார்கள். வீணா மட்டும் தட்டாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஃபார்மில் இரண்டு வரிதான் இருந்தது. ‘பணி நேரத்தில் 212 முறை உணவு உட்கொண்டதற்கு வருந்துகிறேன். திருந்திவிட்டேன்.’ எல்லம்மா அதை எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்தாள். பேனாவை வைத்தாள். மறுபடி எடுத்தாள். கூரையில் இருந்த கேமராவைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் காலை எட்டேகால் மணிக்கு எல்லம்மா கவுன்ட்டரில் நின்றாள். தட்டிலிருந்து ஒரு வடையை எடுத்தாள். கேமராவுக்கு நேராக நின்று பிய்த்துப் பிய்த்து முழு வடையையும் தின்றாள். கன்னம் வீங்கவில்லை. அன்றைய அறிக்கையில் மெல்லுதல் நிகழ்வு பூஜ்யம் என்று வந்தது.